மூத்தோரும் மலைநடையும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பிரயாணம் என்றால், நாலு நாளில் இருபது க்ஷேத்திரங்களை வேனில் சுற்றிக் காட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடுதான் என்று ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. விடியுமுன் எழுப்பி, ஓடுகிற வண்டியிலேயே சிற்றுண்டியை முடிக்கச் சொல்லி, இரவு வெகுநேரம் கழித்துப் புதிய ஊரில் புதிய கட்டிலில் படுக்கவைக்கும் அந்த யாத்திரையில், அறுபத்தைந்து வயதைக் கடந்த தேகம் தரிசனத்தைவிடக் களைப்பையே அதிகம் அடைகிறது. ஒரே இடத்தில் சில நாட்கள் தங்கி, நாளுக்கு ஒரு திசையாகக் கொஞ்ச தூரம் காலால் நடந்து, பகலில் நன்றாக இளைப்பாறி, இரவில் பழகிய படுக்கைக்கே திரும்பிவருவதுதான் முதுமைக்கு உகந்த பிரயாணம் என்பது, ஆலங்காயத்தில் வசித்துக்கொண்டு, என் வயதை ஒத்த சிநேகிதர்களைப் பல பருவங்களில் ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம்.

இதற்கு எங்கள் பிரதேசம் மிகவும் வாய்ப்பானது. சென்னையிலிருந்து ரயிலில் வாணியம்பாடியில் இறங்கினால், ஆலங்காயத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஊரின் கிழக்கே எழுகிற மலைமீது காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை நல்ல சாலை செல்கிறது. மேற்கே ஏலகிரி, தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைத் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, புங்கனூர் ஏரியைச் சுற்றிச் சமதளமாக நடக்க இடம் தருகிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே முதல் பாடம். ஏலகிரிக்கு ஒரு பயணம், ஜவ்வாதுக்கு ஒரு பயணம் என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு நாளை யாதொரு திட்டமும் இன்றி வெறுமையாக விடவேண்டும். மழை வந்தாலும், ஒருவருக்கு முழங்கால் வீங்கினாலும், அந்த வெற்று நாள்தான் பிரயாணம் முழுவதையும் காப்பாற்றும்.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காடு இன்னும் பசுமை மாறாமலிருக்கும் மார்கழி, தை, மாசி மாதங்களே சிலாக்கியமானவை. ஆனால் அம்மாதங்களில் மலைமேல் காலைப் பனி கடுமையாகையால், இளைஞர்களைப் போல் ஐந்து மணிக்கே கிளம்பாமல், வெயில் சற்று ஏறிய பின் புறப்பட்டு, பதினோரு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. காலையில் இரண்டு மணி நேரமும், மாலையில் வேண்டுமானால் அரைமணி நேரமும் நடந்தால் போதும். எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவது முதியவர்களுக்குத் தேவையில்லாத தொல்லை.

அடுத்தது காலணி. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலாலும் ஷூவாலும் ஜீவிக்கிற ஊர்கள். ஷூ கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். ஆகையால் ஷூவை மாலையில்தான், நடக்கும்போது போடப்போகிற அதே காலுறையுடன் போட்டுப் பார்த்து வாங்கவேண்டும். நெடுவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். குதிகாலின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே மடங்கக் கூடாது. இரு முனைகளையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்குகிற இடத்தில் வளையவேண்டுமே அல்லாமல் நடுப்பாதத்தில் மடங்கக் கூடாது. பிறகு கையை உள்ளே விட்டு லைனிங்கின் தையலை விரல்நுனியால் மெதுவாகத் தடவிப் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, உள்ளே துருத்தி நிற்கிற ஒரு நூல்முடிச்சே புண்ணுக்கு வித்தாகிவிடும், அது வலிக்காமலே வளர்ந்துவிடும். அவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வதை ஒரு நித்தியக் கடமையாகவே கொள்ளவேண்டும். புது ஷூவைப் பயணத்தன்று முதன்முதலாக அணிவது ஒருபோதும் ஆகாது; இரண்டு வாரமாவது வீட்டிலும் தெருவிலும் பழக்கியிருக்கவேண்டும்.

ஏற்றத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் முதுமைக்குச் சத்துரு இறக்கம்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம். இறக்கத்திலோ தேகத்தின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்க, கால் தானாக ஓட்டம் பிடிக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பீமன் அருவிக்குப் போகும்போது, தலையில் விறகுக்கட்டுடன் எதிரே வந்த மலைவாசிப் பெரியம்மா ஒருவர், எங்களுள் ஒருவர் இறங்குகிற விதத்தைக் கண்டு நின்று, "காலை எட்டி வைக்காதீங்கய்யா, கிட்டக் கிட்ட வையுங்க, குச்சி முதல்ல, கால் அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த உபதேசத்துக்கு மேல் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஏறும்போது வைத்திருக்கும் தடியைவிட, இறங்கும்போது சற்று நீளமான தடி உதவும் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன்.

கூட்டமாக நடக்கையில், எல்லோரிலும் மெதுவாக நடப்பவரை முன்னால் விடவேண்டும். அவர் பின்னால் இருந்தால், முன்னே சென்றவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். அவர் முன்னால் நடந்தால், மற்றவர்கள் தாமாகவே சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சாமை விளைந்த சரிவும், பலாமரத்து நிழலும், வேலியில் காய்க்கிற சீதாவும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

பலரும் கூச்சப்பட்டுப் பேசாமல் விடுகிற ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். வழியில் கழிப்பறை இராதே என்ற பயத்தால் நம் ஸ்திரீகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. வசதி எங்கெங்கே உண்டு என்பதை முதல்நாளே விசாரித்து, அதைக் கொண்டே நடையின் தூரத்தை வகுப்பது என் வழக்கம். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடக்கிற நாளில் அதை எந்த வேளையில் சாப்பிடுவது என்று தங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். மருந்துகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் வைத்துக்கொள்வதும், சட்டைப்பையில் கொஞ்சம் கற்கண்டும், நோய்களின் பெயரும் மருந்துகளின் பெயரும் எழுதிய ஒரு சீட்டும் வைத்துக்கொள்வதும் அவசியம். ஆகாரம் எளிமையாக இருக்கட்டும். மலையில் கிடைக்கிற சாமைச் சோறும் கீரையும் வயிற்றை வருத்தாதவை. சீரகச் சம்பா அரிசியில் சமைத்துக் கத்தரிக்காய்க் குழம்புடன் பரிமாறும் ஆம்பூர் பிரியாணியைத் துறக்கவேண்டாம்; கீழிறங்கி வந்த நாளில், நடை ஏதும் மிச்சமில்லாத மத்தியானத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

நடக்கவே இயலாதவருக்கும் இம்மலையில் ஒரு மகத்தான காட்சி உண்டு. காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், இரு கோளார்த்தங்களின் வானத்தையும் காண வாய்ப்பான இடமென்று வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த வானாய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தபோது, அதைக் கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதைக் காணாமலே 1982-ல் அவர் காலமாகிவிட்டார். பார்வையாளரை அநுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு, கம்பளியும் மடக்கு நாற்காலியும் டார்ச்சும் எடுத்துச் செல்லவேண்டும். அந்த இருளில் நாற்காலியில் சாய்ந்து நட்சத்திரங்களைப் பார்த்திருப்பது எந்த முழங்காலுக்கும் சிரமமில்லாத யாத்திரை.

வழிப்போக்கருக்குப் புத்தி சொல்வது இம்மலைநாட்டுக்குப் புதிதன்று. ஜவ்வாதில் பிறக்கிற சேயாற்றின் கரையில், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் என்னும் சங்கப் பாட்டு, 583 அடிகளில், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்குகிற பாறை எங்கே, பொழுது சாய்ந்தால் தங்கவேண்டிய இடம் எது என்றெல்லாம் போய்வந்தவர் வாயால் விஸ்தாரமாகச் சொல்கிறது. குழந்தைகளும் சுமைகளுமாகச் செல்கிற கூட்டத்தை நிதானமாக நடத்திச் செல்வதில் அதைப் பாடிய புலவருக்கு இருந்த அக்கறையைக் காணும்போது, முதியவர்களுக்கு வழி சொல்வதும் மதிப்புக்குரிய தர்மமே என்று எனக்குத் தைரியம் உண்டாகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வயதான தாய்தந்தையரைப் பயத்தால் நாற்காலியிலேயே உட்காரவைக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நல்ல ஷூ ஒரு ஜோடியும் உறுதியான ஒரு தடியும் வாங்கிக் கொடுத்து, ஒத்த வயதுள்ள துணையுடன் அனுப்பிவையுங்கள். என் வயதினருக்கு ஒரு வார்த்தை: மலைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே உங்கள் தெருவில் தினமும் அரைமணி நேரம் நடந்து பழகுங்கள்; இன்று மாலையே தொடங்கினாலும் நல்லதுதான்.