லேசர் சூடு என்று விளக்கெண்ணெய் விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. பள்ளிக்கூட நாளிலிருந்தே மைனஸ் 5 பவர் கண்ணாடி. போன வியாழக்கிழமை இரண்டு கண்ணுக்கும் லேசிக் செய்துகொண்டேன். மறுநாள் காலையிலேயே சுவர்க்கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கண் உறுத்துகிறது. இரவில் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. "லேசர் போட்ட சூடு, தணிக்கணும்" என்று பாட்டி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிடுகிறார். கண்ணிலும் ஒரு சொட்டு விடச் சொல்கிறார். நாற்பது நாள் தலைக்கு ஊற்றக் கூடாதாம், கத்தரிக்காயும் கருவாடும் ஆகாதாம். எங்கள் பகுதியில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஸ்கூட்டரில் ஆபீஸ் போகலாமா, டாக்டர்?
- வாசகி, ஒக்கலிபுரம், பெங்களூரு

பதில்: உள்ளங்காலில் தேய்ப்பதைத் தடுக்காதீர்கள், நன்றாகத் தூக்கம் வரும். கண்ணுக்குள் மட்டும் விளக்கெண்ணெய், பன்னீர், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் போகக் கூடாது. இவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. உங்கள் கருவிழியில் இருப்பதோ புதுக் காயம்.

பாட்டியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த லேசர் சுடுவதில்லை. லேசிக்கில் கருவிழியைச் செதுக்கும் எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து, அந்த இடத்தை மட்டும் ஆவியாக்கிவிடுகிறது. பக்கத்துத் திசு வேகுவதில்லை. இதைக் கண்டறிந்த மூவரில் ஒருவர் நம்மவர். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார். கருகல் இல்லாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. அவருக்கும் உடன் உழைத்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவருக்கும் 2013-இல் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்ப விருது கொடுத்தார்.

அப்படியானால் உறுத்தல் ஏன்? கருவிழியின் மேல்பரப்பில் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி, மடலைத் திரும்பப் படிய வைத்திருக்கிறார்கள். வெட்டும்போது நுண்ணிய நரம்புகளும் அறுபடும். அந்த நரம்பு தகவல் சொன்னால்தான் கண்ணீர் சரியாகச் சுரக்கும். அது மறுபடி வளர மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை வறட்சி இருக்கும், அதுதான் உறுத்துகிறது. அதைத் தணிக்கத்தான் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. விளக்கு வளையமும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மங்கிவிடும்.

மடலுக்குத் தையல் கிடையாது. ஆகவே பாட்டியின் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: கண்ணைக் கசக்குவது. விழித்திருக்கும்போது நினைவிருக்கும், அரைத்தூக்கத்தில் கை தானாகப் போகும். அதற்காகத்தான் இரவில் பிளாஸ்டிக் மூடியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு படுக்கச் சொல்கிறோம். வலி இல்லையே என்று மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுகிறார்கள். முதல் வாரம் முழுக்கப் போடுங்கள். ஒரு மாதத்துக்குக் கசக்கவே கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முகத்தருகே தூக்கிக் கொஞ்சாதீர்கள். அதன் விரல் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். மடல் மடங்கினால் பார்வை மங்கும், திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் நீவிவிட வேண்டியிருக்கும்.

சொட்டு மருந்து விடுவதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். கை கழுவி, தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தபடி, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பாட்டிலின் முனை இமை மயிரில்கூடப் படக் கூடாது. பால்போல் கலங்கலான மருந்தைக் குலுக்கிவிட்டு விட வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் எழுதிய கணக்கில் விட்டு, எழுதிய நாளில் நிறுத்துங்கள். "இது போட்டால் கண் தெளிவாக இருக்கு" என்று மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. சத்தமில்லாமல் கண் அழுத்தம் ஏறி, நரம்பைக் கெடுத்துவிடும்.

நாற்பது நாள் பத்தியம் என்பது பெரிய வெட்டு வெட்டித் தையல் போட்ட பழைய கண்புரை ஆபரேஷன் காலத்து வழக்கம். லேசிக்குக்கு அது வேண்டாம். மறுநாளே கழுத்துக்குக் கீழ் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து, தலையைப் பின்னால் சாய்த்து யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள். சீயக்காய் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். கண்மை இரண்டு வாரத்துக்கு வேண்டாம், நீச்சல் ஒரு மாதத்துக்கு. கத்தரிக்காயும் கருவாடும் தாராளமாகச் சாப்பிடலாம், வறுக்கும் புகையில் நிற்காமல் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் வேலை தொடங்கலாம். அடிக்கடி கண்ணை மூடித் திறங்கள், ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள். ஸ்கூட்டர் மட்டும், பரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. இரவில் ஓட்டுவது வளையம் மங்கிய பிறகு. அதுவரை ஸ்ரீராம்புரம் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. வெளியே போகும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி போடுங்கள். தூசி விழுந்தால் கசக்காமல் கண்ணீர்ச் சொட்டை விட்டுக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

வலி நாளுக்கு நாள் கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ, கண் சிவந்து பீளை கட்டினாலோ, கண்ணில் அடிபட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் யாரும் கிடைக்கவில்லை என்றால் சாமராஜ்பேட்டை மிண்டோ அரசு கண் மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை.

லேசிக்குக்கு முன் எடுத்த கருவிழி அளவுகள், பழைய பவர் எல்லாம் உள்ள ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் உங்களுக்குக் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.