ஆங்கிலம் அறிவோம்: ‘மிகக் குறைந்த’ என்பதன் இரு பொருள்கள்

‘மிகக் குறைந்த வட்டி’ என்று ஒரு விளம்பரம் கூறுகிறது. வட்டி வெகுவாகக் குறைவு என்பது பொருளா? எல்லாக் கடன்களிலும் இதுவே குறைவு என்பது பொருளா? தமிழில் ‘மிக’ என்னும் சொல் இரண்டையும் தாங்கும். ஆங்கிலம் இவற்றை வேறுபடுத்தும். முன்னது ‘வெரி லோ’. பின்னது ‘த லோயஸ்ட்’. பின்னதையே உச்சநிலைப் பெயரடை, அதாவது ‘சூப்பர்லேட்டிவ்’ என்கிறோம். கடன் ஆவணங்களில் கையொப்பமிடுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

அமைக்கும் முறை

1. ஓரசைச் சொற்களின் இறுதியில் ‘எஸ்ட்’ சேரும்: ஹை – ஹையஸ்ட், லோ – லோயஸ்ட், சீப் – சீப்பஸ்ட். ‘சேஃப்’ என்பதைப்போல ‘இ’ எழுத்தில் முடிவனவற்றுக்கு ‘எஸ்’, ‘டி’ ஆகிய இரண்டெழுத்துகளே போதும். ‘பிக்’ என்பதில் இறுதி ‘ஜி’ இரட்டித்து ‘பிக்கஸ்ட்’ ஆகும்.

2. மெய்யை அடுத்து ‘ஒய்’ வந்து முடியும் ஈரசைச் சொற்களில் அந்த ‘ஒய்’, ‘ஐ’ ஆக மாறும்: ஈஸி – ஈஸியஸ்ட், எர்லி – எர்லியஸ்ட்.

3. நீண்ட சொற்களின் முன் ‘மோஸ்ட்’ வரும்: மோஸ்ட் இம்பார்ட்டன்ட், மோஸ்ட் கன்வீனியன்ட்.

4. சில சொற்கள் முற்றிலும் மாறும்: குட் – பெஸ்ட், பேட் – வர்ஸ்ட், லிட்டில் – லீஸ்ட்.

‘எஸ்ட்’, ‘மோஸ்ட்’ இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தலாகாது. ‘மோஸ்ட் சீப்பஸ்ட்’ என்பது பிழை.

பயன்படுத்தும் முறை

உச்சநிலைச் சொல்லுக்கு முன் பெரும்பாலும் ‘த’ வரும். இடத்தைக் குறிக்க ‘இன்’ வரும்: ‘கோவா இஸ் த ஸ்மாலஸ்ட் ஸ்டேட் இன் இந்தியா.’ தொகுதியைக் குறிக்க ‘ஆஃப்’ வரும்: ‘த சீப்பஸ்ட் ஆஃப் த த்ரீ லோன்ஸ்.’ உடைமைச் சொல் வந்தால் ‘த’ நீங்கும்: ‘மை ஓல்டஸ்ட் அக்கவுண்ட்.’

ஒப்பிடப்படுவன இரண்டே எனில் ஒப்பீட்டுநிலை போதும். எனவேதான் ஆவணங்களில் ‘விச்செவர் இஸ் எர்லியர்’ என்று எழுதுகிறார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் எனில் ‘த எர்லியஸ்ட்’ பொருந்தும்.

‘ஒன் ஆஃப் த லோயஸ்ட் ரேட்ஸ்’ என்பதில் பெயர்ச்சொல் பன்மையில் வருவதை நோக்குக. குறைந்த வட்டிகளுள் இதுவும் ஒன்று என்பதே இதன் பொருள். இதனினும் குறைந்த வட்டி வேறிடத்தில் இருக்கக்கூடும்.

‘அட் லீஸ்ட்’ என்பது ‘குறைந்தது’. ‘அட் த லேட்டஸ்ட்’ என்பது ‘அதற்குப் பிந்தாமல்’. ‘மண்டே அட் த எர்லியஸ்ட்’ எனில் திங்களுக்கு முன் இயலாது என்று பொருள். ஆயினும் நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் ‘அட் த எர்லியஸ்ட்’ என்று தனித்து வருமாயின் ‘விரைவில்’ என்றே கொள்ளவேண்டும். ‘மேக்ஸிமம்’, ‘மினிமம்’ ஆகியவை இலத்தீன் மொழியின் உச்சநிலை வடிவங்களே. ஆதலின் அவற்றின் முன் ‘மோஸ்ட்’ வேண்டுவதில்லை.

எதில் குறைவு?

உச்சநிலைச் சொல்லைக் கண்டதும், எதில், எவற்றுள் என்னும் இரு வினாக்களை எழுப்புக. ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 10 இலட்சம் ரூபாய் கடனை எடுத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 12,668 ரூபாய். 20 ஆண்டுகளில் அடைத்தால் ஏறத்தாழ 8,997 ரூபாய். பின்னதில் தவணை குறைவு. ஆனால் மொத்த வட்டியோ முன்னதில் சுமார் 5.20 இலட்சம், பின்னதில் சுமார் 11.59 இலட்சம். ஆக, ‘லோயஸ்ட் இஎம்ஐ’ என்று காட்டப்படும் திட்டமே வட்டியில் ‘ஹையஸ்ட்’ ஆகவும் இருக்கலாம். இலக்கணம் சரியாக இருந்தும் கணக்கு நமக்குப் பாதகமாக முடியும் இடம் இதுவே.

பயிற்சி

அடைப்புக்குறிக்குள் உள்ள சொல்லின் உரிய வடிவத்தை இடுக.

1. திஸ் இஸ் த ____ (சேஃப்) ஆஃப் த ஃபைவ் ஸ்கீம்ஸ்.
2. ஆஃப் த டூ லோன்ஸ், திஸ் ஒன் இஸ் ____ (சீப்).
3. இட் இஸ் ஒன் ஆஃப் த ____ (இம்பார்ட்டன்ட்) கிளாஸஸ்.

விடைகள்: 1. சேஃபஸ்ட் 2. சீப்பர் 3. மோஸ்ட் இம்பார்ட்டன்ட்