ஹைக் வந்தும் மனசு நிறையலையா? வேலையை மாத்துறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய 3 தியரிகள்



அப்ரைசல் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கு ஒரே சந்தோஷம். ஆனா மூணு மாசம் கழிச்சு அதே சம்பளம் பழகிப் போயிடும். "வேற வேலை தேடலாமா?"ன்னு மனசு மறுபடி ஆரம்பிச்சிடும். இது பேராசை இல்ல. மனுஷன் வேலையில எதுக்காக ஓடுறான்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதுல 3 தியரி தெரிஞ்சா, அடுத்த ஆஃபர் லெட்டரை நீங்க படிக்கிற விதமே மாறிடும்.

1. ஹெர்ஸ்பெர்க்: சம்பளம் எதை சரி பண்ணும், எதை பண்ணாது?

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் ஒரு அமெரிக்க உளவியலாளர். அவரும் அவரோட குழுவும் பிட்ஸ்பர்க் பகுதியில சுமார் 200 இன்ஜினியர்கள், அக்கவுன்டன்ட்கள்கிட்ட பேசினாங்க. கேட்டது ரெண்டே விஷயம்தான். வேலையில ரொம்ப சந்தோஷமா இருந்த நேரம் எது? ரொம்ப வெறுத்துப்போன நேரம் எது? முடிவுகள் 1959ல புத்தகமா வந்துச்சு.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, ரெண்டு கேள்விக்கும் வந்த பதில்கள் பெரும்பாலும் வேற வேற. சந்தோஷத்துக்குக் காரணமா சொன்னது: சாதிச்ச திருப்தி, பாராட்டு, பிடிச்ச வேலை, பொறுப்பு, முன்னேற்றம். வெறுப்புக்குக் காரணமா சொன்னது: கம்பெனி விதிமுறைகள், மேலதிகாரி நடந்துக்கிற விதம், வேலைச் சூழல் மாதிரியான விஷயங்கள். சம்பளத்தையும் ஹெர்ஸ்பெர்க் இந்த ரெண்டாவது பட்டியல்லதான் வச்சார்.

அதாவது சம்பளம் குறைஞ்சா கண்டிப்பா கடுப்பு வரும். சம்பளம் ஏறினா அந்தக் கடுப்பு போகும். ஆனா கடுப்பு போறதும் வேலை பிடிக்கிறதும் ஒண்ணு இல்ல. வீட்டுல தண்ணி வரலைன்னா நிம்மதி போயிடும். தண்ணி வருதேன்னு யாரும் தினமும் கொண்டாட மாட்டாங்க. அந்த மாதிரிதான்.

இந்த தியரிக்கு விமர்சனமும் உண்டு. நல்லது நடந்தா "என் திறமை"ன்னும், கெட்டது நடந்தா "கம்பெனி சரியில்ல"ன்னும் சொல்றது மனுஷ சுபாவம். அதனாலதான் பதில்கள் அப்படிப் பிரிஞ்சிருக்கும்னு சிலர் சொல்றாங்க. நியாயமான கேள்விதான். அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம், ஒரு செக்லிஸ்ட்டா வச்சுக்கோங்க.

2. வ்ரூம்: வேரியபிள் பே-ன்னு சொன்னா உடனே மயங்காதீங்க

விக்டர் வ்ரூம் 1964ல சொன்ன தியரி இது. ஒருத்தர் முழு மூச்சா உழைக்கணும்னா மூணு கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் வரணும்.

- நான் உழைச்சா டார்கெட்டை எட்ட முடியுமா?
- டார்கெட்டை எட்டினா சொன்ன பணம் நிஜமா வருமா?
- அந்தப் பணம் எனக்கு முக்கியமா?

இந்த மூணையும் அவர் கூட்டல, பெருக்குறார். ஒண்ணு பூஜ்யமானா மொத்தமும் பூஜ்யம்!

இப்ப ஒரு கணக்கு போடுவோம். உங்க கையில ரெண்டு ஆஃபர் இருக்குன்னு வச்சுக்கோங்க.

கம்பெனி அ: சிடிசி 9,00,000. அதுல 15% வேரியபிள், அதாவது 1,35,000. மீதி 7,65,000 ஃபிக்ஸட்.
கம்பெனி ஆ: 8,50,000. முழுக்க ஃபிக்ஸட்.

பார்த்த உடனே அ-தான் பெருசா தெரியும். ஆனா அங்க வேரியபிள்ல பாதிதான் தர்றாங்கன்னா கிடைக்கிறது 67,500. மொத்தம் 8,32,500. ஆ-வை விட 17,500 கம்மி!

அதனால ஹெச்ஆர்கிட்ட தயங்காம கேளுங்க: "போன ரெண்டு வருஷமா இந்த லெவல்ல சராசரியா எத்தனை சதவீதம் வேரியபிள் கொடுத்தீங்க?" பதில் மழுப்பலா இருந்தா, அந்தப் பணத்தை உங்க பட்ஜெட்ல சேர்க்காதீங்க. முக்கியமா, அதை நம்பி இஎம்ஐ போடவே கூடாது.

3. ஆடம்ஸ்: பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம்

ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1960கள்ல சொன்னது நமக்கெல்லாம் நல்லா பழக்கமான விஷயம். நாம கொடுக்கிற உழைப்பையும் வாங்குற பலனையும் இன்னொருத்தரோடது கூட ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விகிதம் சரியில்லன்னா மனசு கொதிக்கும். நமக்கு 12% ஹைக் வந்தாலும், பக்கத்துல 18% வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த 12% கசக்கும்.

இங்க நாம தவறவிடுற ஒண்ணு: அவர் வாங்குறது மட்டும் கண்ணுக்குத் தெரியும், அவர் கொடுக்கிறது தெரியாது. நைட் ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை கால், கூடுதல் சர்டிஃபிகேஷன் எல்லாம் இருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் இருந்தா, அது பொறாமை இல்ல, பேச வேண்டிய விஷயம். நீங்க முடிச்ச வேலைகளை ஒரு பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட பேசுங்க.

சரி, இப்ப என்ன பண்ணணும்?

ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு காலம் போடுங்க. முதல் காலத்துல இந்த வேலையில உங்களைக் கடுப்பேத்துற விஷயங்கள். ரெண்டாவதுல, இந்த வேலையில உங்களுக்குக் கிடைக்காத வளர்ச்சி, பொறுப்பு, கத்துக்கிற வாய்ப்பு.

- முதல் காலத்துல சம்பளம் மட்டும்தான் இருக்கா? முதல்ல பேசிப் பாருங்க. நடக்கலைன்னா தைரியமா மாறுங்க.
- ரெண்டாவது காலம் நிரம்பியிருக்கா? அப்ப வெறும் 30% ஹைக்குக்காக அதே மாதிரி வேலைக்குப் போனா, ஒரு வருஷத்துல இதே பேப்பரை மறுபடி எழுதுவீங்க.

கடைசியா ஒண்ணு. பிடிக்காத வேலையில நிறைய பேரைக் கட்டி வச்சிருக்கிறது பாஸ் இல்ல, இஎம்ஐ. ஆறு மாச செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் கையில இருந்தா, "இது எனக்கு வேண்டாம்"னு சொல்ற தைரியம் தானா வரும். அதனால அடுத்த ஹைக் வந்ததும் புது போன் வாங்குறதுக்கு முன்னாடி, ஏறின தொகையில பாதியை அந்த ஃபண்டுக்குத் திருப்பி விடுங்க.

உங்க பேப்பர்ல எந்தக் காலம் பெருசா இருந்துச்சு? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!