மாத்திரையும் நேர்த்திக்கடனும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த சூட்டோடு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். மருந்து வாங்க வருகிறவர்கள் சாமி, நேர்த்தி, நோன்பு என்று பேச்செடுத்தால் என்ன செய்வது, அதுவும் நம் வேலையில் சேர்த்தியா என்கிறாய். சேர்த்திதான். ஆனால் அவர்களுடைய நம்பிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வரைதான் நம் எல்லை. அதை வளர்ப்பதும் திருத்துவதும் நமக்குரியவை அல்ல.

ஜனங்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவில் மூன்று மாநிலங்களில் 456 நோயாளிகளைக் கேட்டு 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. கேட்டது மருத்துவர்களைப் பற்றித்தான், ஆனாலும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது. தங்கள் நம்பிக்கை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொன்னார்கள். சாதாரணமாக உடம்பைக் காட்டப் போகும்போது மருத்துவர் தங்களோடு சேர்ந்து பிரார்த்திக்கலாம் என்றவர்களோ 19 சதவீதம்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 29 சதவீதம், உயிர் போகும் தறுவாய் என்றால் 50 சதவீதம். வைத்தியம் பேசும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஆன்மிகம் பேசச் சம்மதித்தவர்கள் பத்தில் ஒருவர்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள். எங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு மருந்து கொடு என்பதுதான் அவர்கள் கேட்பது. பூசாரி வேலையை யாரும் நம்மிடம் ஒப்படைக்கவில்லை. நோய் முற்ற முற்ற எதிர்பார்ப்பு கூடுகிறது, நாம் அளவு மீறினால் குறைகிறது. அதிலும் மருந்துக்கடை கவுண்டரில் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள், தனியறை கிடையாது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை மாதா மாதம் சீட்டோடு வந்து நம்மிடம்தான் சொல்வார்கள். மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதை 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் நம் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஒருவருடைய விரதம் தெரியாமல் அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வாய்?

நம் நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் சிக்கல் சிங்காரவேலரும் பஸ் ஏறினால் அரை மணிக்குள். மூன்று இடத்துக்கும் எல்லா மதத்தாரும் போவார்கள். ரமலானுக்கு ஒரு வாரம் முன்னால், வாடிக்கையாக சுகர் மாத்திரை வாங்கும் பெரியவரிடம், "பாய், நோன்பு வைக்கிறீங்களா?" என்றேன். "இன்ஷா அல்லாஹ், முப்பதும் வைப்பேம்மா." "காலை மாத்திரையை என்ன பண்ணுவீங்க?" "ஸஹர்ல போட்டுக்குவேன்." அவர் கையில் இருந்தது கிளிமிபிரைடு. விடிவதற்கு முன் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால், மத்தியானத்தில் கைகால் நடுங்கி வியர்த்துக் கொட்டலாம். பொதுவாக அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள். ஆனால் அளவையும் நேரத்தையும் மாற்றுவது டாக்டர் பொறுப்பு. அதனால் அன்றைக்கே போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஊசி குத்தி சுகர் பார்த்தா நோன்பு முறிஞ்சிடுமே" என்றார். முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொன்னேன். சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அந்த நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இது சின்ன விஷயமில்லை. 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த எபிடயர் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ரமலானில் ஏழரை மடங்கு கூடியது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் தடுக்கக்கூடியது இது.

ரமலான் நோன்பு மட்டுமில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜைனரிடம் "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று உறையில் எழுதிக் கொடுத்தால் என்ன பயன்? மருந்து எதிலிருந்து வருகிறது என்றும் சிலர் கேட்பார்கள். பெரும்பாலான கேப்ஸ்யூல்களின் மேலுறை ஜெலட்டின். மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவது. கேட்டால் மறைக்காதே. மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்று உண்டா என்று டாக்டரைக் கேட்டுச் சொல். உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று இல்லையென்றால் அதையும் சொல்லி, அவர்கள் மதிக்கும் பெரியவரிடம் உடனே கலந்துகொள்ளச் சொல்.

கஷ்டமான இடமும் உண்டு. ஓர் அம்மா கேட்டார்: "பையனுக்கு வலிப்பு நின்னு எட்டு மாசம் ஆச்சு. மாதா புண்ணியத்துல குணமாயிட்டான். இனிமேலும் மாத்திரை கொடுத்தா மாதாவை நம்பாத மாதிரி ஆயிடாதா?" இந்த இடத்தில் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொன்னால், அவர் தலையாட்டிவிட்டுப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவார். நான் சொன்னது இதுதான்: "நேர்த்திக்கடனைச் செலுத்துங்கம்மா, மாத்திரையையும் கொடுங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு திரும்பி வரலாம், முன்னைவிடக் கடுமையாவும் வரலாம். எப்போ நிறுத்தலாம்னு டாக்டர் சொல்லட்டும். ஃபாதர்கிட்டயும் கேட்டுப் பாருங்க." அந்த மாதமும் மாத்திரை வாங்கிக்கொண்டுதான் போனார்.

அதே சமயம், தாயத்தும் மந்திரமும் வலிப்பைத் தீர்க்கும் என்று யாராவது நோட்டீஸ் கொண்டுவந்தால் கவுண்டரில் வைக்க விடாதே. அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. நம்புகிறவரை மதிப்பது வேறு, நம்பிக்கையை விற்றுப் பிழைப்பவருக்கு இடம் கொடுப்பது வேறு.

புற்றுநோய்க்காரர் வீட்டார் மார்ஃபின் வாங்க வருவார்கள். "கர்மவினை, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று பாதி மாத்திரையைக் கொடுக்காமலே வைத்திருப்பார்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பும் மனமும் குடும்பமும் ஆன்மாவும் சேர்ந்து படுவதே நோயாளியின் முழு வலி என்றார். அவர்களிடம் வினைப்பயனைப் பற்றி வாதம் செய்யாதே. ஓரமாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேச விடு. வலி அடங்கினால்தான் அவரால் நிம்மதியாகச் சாமி கும்பிடவும் முடியும், பிள்ளைகளோடு பேசவும் முடியும் என்று சொல். மார்ஃபின் கொடுப்பது சாகடிப்பதற்கல்ல என்று தெளிவாகச் சொல்.

உனக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது கவுண்டரில் தெரியவே வேண்டாம். எனக்காக வேண்டிக்கொள் என்று அவர்களாகக் கேட்டால், மனதாரச் செய்ய முடிந்தால் சரி என்று சொல். முடியாவிட்டால் "நல்லபடியா ஆகணும்" என்று சொல், அதுவும் உண்மையான வார்த்தைதான். நீயாக ஆரம்பிக்காதே. வியாதியோடு நிற்பவருக்கு நம்மிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் இருக்காது. அந்தப் பலவீனத்தை நாம் பயன்படுத்தக் கூடாது.

நாளையிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொள். நாள்பட்ட மருந்து வாங்கும் ஒவ்வொருவரிடமும், "விரதம், நோன்பு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஏதாவது உண்டா?" என்று கேட்டு அவர் கார்டில் குறித்து வை. பேரையும் நெற்றியையும் தொப்பியையும் பார்த்து ஊகிக்காதே. எல்லாரிடமும் ஒரே குரலில் கேள். சிலரிடம் மட்டும் கேட்டால் அது சந்தேகம் போலத் தெரியும். எல்லாரிடமும் கேட்டால், நம் உடம்போடு நம் நம்பிக்கையையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தப் பெண் நமக்கு மருந்து கொடுக்கிறாள் என்று அவர்களுக்கே புரியும்.

அன்புடன்,
உன் அத்தை
நாகப்பட்டினம்