பூச்செடி வளரவிட்டால் பாம்பு வருமா?

கேள்வி: வீட்டின் முன்னால் மூன்று சென்ட்டில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். தண்ணீர் ஊற்றி மாளவில்லை. அதை எடுத்துவிட்டுக் காட்டுப்பூக்களை வளரவிடலாம் என்கிறாள் மகள். பாம்பும் கொசுவும் வந்துவிடும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். என்ன செய்வது?
- வி.ச., கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் உங்கள் பயம் வீண்பயம் அல்ல. அதையும் கணக்கில் வைத்தே செய்யவேண்டும்.

பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது. செங்கல் குவியல், பழைய விறகு, சுவர்ப்பொந்து இருந்தால் தங்கிவிடுகிறது. முதலில் அவற்றை அகற்றுங்கள். உயரமான புல்லில் பாம்பு கிடந்தால் கண்ணில் படாது என்பதும் உண்மை. ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து ஆறடி வரையும், நடைபாதையின் இருபுறமும் புல்லைக் கட்டையாகவே வெட்டி வையுங்கள். பேரன் அங்கே மட்டும் விளையாடட்டும். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். செடியைவிடத் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி, 1772இல் போட்ட புல்தரையின் ஒரு பகுதியை 2019 முதல் பூவெளியாக மாற்றியது. அங்கே செடி, சிலந்தி, பூச்சி வகைகள் புல்தரையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன. அதற்காக அவர்கள் விதைத்த பூக்களை நீங்கள் தேடவேண்டாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை (மழையை நம்பிய மேய்ச்சல் நிலம்) பார்த்திருப்பீர்களே, அதுதான் நமக்கு மாதிரி. கொழுக்கட்டைப் புல், தும்பை, ஓரத்தில் இரண்டு ஆவாரை போதும். தும்பைக்குத் தேனீ வரும். ஆவாரை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் உணவுச்செடி (புழு தின்று வளரும் செடி); இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். கிலுகிலுப்பையும் எருக்கும் பூச்சிகளுக்கு நல்லவைதான், ஆனால் ஒன்றின் விதையும் மற்றதன் பாலும் நஞ்சு. பேரன் பெரியவனாகட்டும்.

கொரியன் புல்லை வேரோடு எடுத்துவிட்டுப் புரட்டாசியில் விதையுங்கள். எரு வேண்டாம், மண் கொழுத்தால் முரட்டுக் களைகள் பூச்செடிகளை அமுக்கிவிடும். மாசியில் விதை உதிர்ந்ததும் ஒருமுறை அறுத்து, இரண்டு நாள் கிடக்கவிட்டு அள்ளிவிடுங்கள். மாடு வைத்திருப்பவர் யாராவது தீவனத்துக்குக் கேட்டால், பார்த்தீனியம் கலக்காமல் பார்த்துக் கொடுங்கள். அந்தச் செடியை மட்டும் பூக்குமுன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்கிவிடவேண்டும்.