நூலடுக்கில் இல்லாத பருவம்: வளரிளமை நூல்களும் வடசென்னை வாசகரும்

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், பொது நூலகம், நூற்பகுப்பு, வடசென்னை, தமிழ்ப் புனைகதை.

முன்னுரை

பொது நூலகத்தின் உள்ளமைப்பு பெரும்பாலும் இருவகை வாசகரை மனத்திற்கொண்டே உருவாகிறது. ஒருவர் சிறுவர், மற்றவர் பெரியவர். சிறுவர் பகுதியில் நீதிக்கதைகளும் படக்கதைகளும் எளிய அறிவியல் நூல்களும் உள்ளன. பெரியவர் பகுதியில் நாவல், வாழ்க்கை வரலாறு, சமயம், சட்டம், போட்டித் தேர்வு நூல்கள் ஆகியன உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான வாசகர் முதற்பகுதியைக் கடந்துவிட்டவர். இரண்டாம் பகுதிக்குள் இன்னும் அழைக்கப்படாதவர்.

குழந்தைகளுக்கான நூல் வேறு. குழந்தைமையையும் அதிலிருந்து வெளியேறுவதையும் பற்றிய நூல் வேறு. முன்னதற்கு நூலகத்தில் இடம் உண்டு. பின்னது தமிழில் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் ஒரு பொருளாகத் திரண்டு நிற்பதில்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் வாசகரை முன்வைத்து இக்கட்டுரை அந்நிலையை ஆராய்கிறது. மீன்பிடித் தொழிலும் துறைமுகக் கூலியும் ஆலைப் பணியும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இப்பகுதியில் சிறுவர் உழைப்பாளராக மாறும் வயது முந்தியே வருகிறது. ஆதலின், இடைப்பட்ட பருவத்திற்குரிய நூல்கள் கைக்குக் கிட்டாமை இங்கு மற்ற இடங்களைக் காட்டிலும் கூடுதலான இழப்பாகும்.

பகுப்பெண்ணும் பருவமும்

தூவி தசமப் பகுப்பு முறை நூல்களைத் துறைவாரியாகப் பிரிக்கிறது. வாழ்வின் பருவத்தை அது ஒரு துறையாகக் கொள்வதில்லை. குழந்தை உளவியல் 155.4இலும், வளரிளம் பருவத்தினர் உளவியல் 155.5இலும் அமைகின்றன. இளையோரைச் சமூகக் குழுவாக நோக்கும் நூல்கள் 305.23க்குச் செல்கின்றன. குழந்தை வளர்ப்பு நூல்கள் வீட்டு மேலாண்மையை ஒட்டி 649இல் நிற்கின்றன. உழைக்கும் சிறுவரைப் பற்றிய நூலோ பொருளியலின் உட்பிரிவாகிய 331.31இல், தொழிலாளர் சிக்கல்களுக்கிடையே வைக்கப்படுகிறது. ஒரு சிறுவன் வளர்ந்த கதையைச் சொல்லும் தமிழ் நாவலுக்கு 894.8113 என்னும் எண் கிடைக்கும். அது தமிழ்ப் புனைகதை அனைத்திற்கும் பொதுவான எண். சோழர் கால வரலாற்று நாவலும் துப்பறியும் நாவலும் அதே அடுக்கில்தான் இருக்கும்.

இது பகுப்பு முறையின் பிழையன்று. ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க இயலும். அதன் பிற முகங்களைக் காட்டுவது பட்டியலின் கடமை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டாவது வாசகருக்குரிய நூலையும், மூன்றாவது நூலுக்குரிய வாசகரையும் பேசுகின்றன. இரண்டாம் விதியைத் தமிழக நூலகங்கள் ஓரளவு பேணியுள்ளன. கேட்கும் வாசகருக்கு நூல் கிடைக்கிறது. மூன்றாம் விதி கேட்கத் தெரியாத வாசகரைப் பற்றியது. வளரிளம் பருவத்தினர் தமக்கு வேண்டிய நூலின் பெயரை அறிந்து வருபவர் அல்லர்.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். அதன்வழிச் சொத்துவரியோடு சேர்ந்து நூலக வரியும் திரட்டப்படுகிறது. வாடகைக் குடித்தனங்கள் மிகுந்த இப்பகுதியில் அவ்வரி வாடகைக்குள்ளேயே கரைந்திருக்கும். கட்டுவதாக அறியாமலேயே கட்டுபவர் பலர். அண்மைக் காலத்தில் நூலகம் பற்றிய சிந்தனை வேறு திசையில் விரிந்துள்ளது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும் பகிர்ந்த பணியிடம் தேடுவோருக்கும் உரியது. அமைதியான இருக்கையும் மின்விசிறியும் ஒற்றையறை வீட்டுப் பிள்ளைக்கு எத்துணைப் பெரிய உதவி என்பதை மறுக்க இயலாது. ஆயினும் தெனாலிராமன் கதைக்கும் தேர்வு வழிகாட்டிக்கும் நடுவில் உள்ள ஆண்டுகள் அங்கும் நிரப்பப்படவில்லை.

இலக்கண மரபில் ஓர் இடைவெளி

இவ்விடைவெளிக்கு மேலைநாட்டுப் பகுப்பு முறையை மட்டும் குறைகூறுவது முறையாகாது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைக் கூறி, அவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டையே மக்களுக்கு உரியனவாக வரையறுக்கிறது. இரண்டும் மழலைப் பருவத்தைச் சுட்டுவன. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை மிக நுட்பமாகப் பிரித்தாலும், பாட்டியல் நூல்கள் அவற்றுக்கு வகுக்கும் காலம் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையே. உலா இலக்கியத்தின் ஏழு பருவங்களுள் மங்கையும் மடந்தையும் வளரிளம் வயதினர்தாம். எனினும், அங்கே பருவம் என்பது தலைவன் வீதியுலா வரும்போது அவள் அடையும் மாற்றத்தின் அளவுகோலாக நிற்கிறதேயன்றி அவளது வாழ்வாக விரிவதில்லை.

இதற்கு வியத்தகு விலக்கு வடசென்னையிலேயே கிடைக்கிறது. 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர் தந்தையை இழந்த குழந்தையாகச் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமித் தெருவில் தமையன் சபாபதியின் பொறுப்பில் வளர்ந்தார். பள்ளியில் அமராத பிள்ளை. கந்தகோட்டமே கதியெனக் கிடந்த பிள்ளை. சினங்கொண்ட தமையன் வீட்டில் சோறிடக் கூடாதென்று விதித்ததையும், அண்ணியார் மறைவாக அழைத்து உணவளித்ததையும் வரலாற்று நூல்கள் கூறும். பின்னர்த் திருவொற்றியூர் அவரது அன்றாட வழியாயிற்று. அங்குள்ள அம்மைமீது பாடியதே வடிவுடை மாணிக்க மாலை.

1885இல் அச்சேறிய ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெரு விண்ணப்பம் இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. தமக்குப் பன்னிரண்டாம் ஆண்டு தொடங்கி அன்றுவரை தாம் பட்டவற்றையெல்லாம் சொல்லப் புகுந்தால் அது முடிவுறாது என்று அதில் அவர் முறையிடுகிறார். பிறர் துன்பம் கண்டு நடுங்கியதையும் சிறு ஒலிகளுக்கும் அஞ்சியதையும் ஒளிவின்றி அடுக்குகிறார். அருளனுபவ நூலாக மட்டும் இது படிக்கப்பட்டு வந்துள்ளமையால் அந்தப் 'பன்னிரண்டு' என்னும் எண் போதிய கவனம் பெறவில்லை. துன்பம் தமக்குத் தொடங்கிய வயதாக ஒரு கவிஞர் குழந்தைமையின் எல்லைக்கோட்டைத் தாமே குறித்துத் தந்திருக்கிறார். வடசென்னையில் வளர்ந்த ஒரு சிறுவனின் அகவரலாறு இது. நூலகத்தில் இது சமய அடுக்கில் இருக்கிறது. திருவொற்றியூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் அவ்வடுக்கின்பால் தாமாகச் செல்வதற்குக் காரணம் ஏதுமில்லை.

சேரியும் கடற்புறமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நீங்கிச் சென்னையில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர் ஜெயகாந்தன். அவரது 'உன்னைப் போல் ஒருவன்' (1964) சென்னைச் சேரிச் சிறுவன் சிட்டியின் கதை. கட்டட வேலைக்குச் செல்லும் தாய் தங்கம் கிளி சோதிடனாகிய மாணிக்கத்துடன் வாழத் தலைப்படுகிறாள். மகன் அதை ஏற்க மறுக்கிறான். மாணிக்கம் விலகிச் செல்ல, தாய் மற்றொரு குழந்தையைப் பெற்று இறக்கிறாள். அக்குழந்தையைச் சிட்டி ஏற்கிறான். இக்கதையில் சிறுவன் வளர்வதற்குப் பள்ளியோ காதலோ பயணமோ காரணமாவதில்லை. வெறுத்த ஒன்றைக் கையில் ஏந்த நேர்வதே அவனது வளர்ச்சி. மகனாக இருந்தவன் இடைநிலை ஏதுமின்றிக் காப்பாளனாகிறான். ஆசிரியரே இயக்கித் திரைப்படமாகித் தேசிய விருதும் பெற்ற இப்படைப்பு தாயின் துயரத்தை முன்னிறுத்தியே மிகுதியும் பேசப்பட்டது. சிட்டியின் வயதை முன்னிறுத்திய வாசிப்பு குறைவே.

அந்த இடைநிலைக்குச் சட்டம் பெயரிட்டது மிகப் பிந்தியே. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோதுதான் பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வளரிளம் பருவத்தினர் எனத் தனித்துச் சுட்டப்பட்டனர். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பணிபுரிவதைத் தடைசெய்த அதே திருத்தம், பள்ளி நேரத்திற்கு வெளியே, இடரற்ற குடும்பத் தொழிலுக்கு உதவுவதை விலக்களித்து ஏற்றது. மீன் தரம் பிரிக்கும் கையும் வலை பழுதுபார்க்கும் கையும் குடும்பத்தின் கைகளாக இருக்கும் காசிமேட்டில் இவ்விலக்கின் பொருள் எத்துணை அகலமானது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இவ்விடத்தில் துணைநிற்கிறது. களம் தெற்குக் கடற்கரை. எனினும் வல்லத்திற்கும் லாஞ்சுக்குமான பகை, வல்லத்தை விற்கச் சொல்லும் மகன், விற்க மனமில்லாத தந்தை குரூஸ் மிக்கேல் ஆகிய யாவும் விசைப்படகும் சிறுபடகும் ஒரே கடலைப் பங்கிடும் இராயபுர வாசகருக்குப் புதியன அல்ல. இவற்றினூடே பிலோமி என்னும் பெண் தாயை இழக்கிறாள்; காதலை இழக்கிறாள்; எவரையும் வெறுக்காமல் நின்று முதிர்கிறாள். உலாவின் மங்கைப் பருவம் நாவலில் அகத்திலிருந்து எழுதப்பட்டதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

அண்மைப் படைப்புகளுள் கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', கூவக் கரையின் சிந்தாதிரிப்பேட்டையைக் களமாகக் கொண்ட தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) ஆகியன சென்னைப் பேச்சுத்தமிழை நகைச்சுவைக்குரிய ஒன்றாக அன்றி எண்ணத்தின் மொழியாகக் கையாள்கின்றன. வீட்டில் பேசும் மொழி அச்சில் மதிப்புடன் நிற்பதைக் காண்பது வளரும் வாசகருக்குச் சிறிய செய்தியன்று. இப்பகுதி இளைஞர் தம் வாழ்வைத் திரையில் காண்பது எளிது. 'வட சென்னை' (2018) திரைப்படத்தில் கேரம் ஆட்டத்தில் சிறக்க விரும்பிய அன்பு குழுப்பகைக்குள் இழுக்கப்படுகிறான். கலைத்திறம் மிக்க படமே. ஆனால் திரை திரும்பத் திரும்பக் காட்டும் பாதை அந்த ஒன்றே. அசோக் லேலண்டு தொழிலாளியின் மகளோ விம்கோ நகர்ப் பள்ளி மாணவனோ கத்தியின்றி வளரும் கதைக்கு நாவலே இடந்தர இயலும்.

பொருட்சொல் தேர்வு

மேற்கண்ட நூல்கள் எல்லாவற்றையும் இடம் பெயர்க்க வேண்டுவதில்லை. திருவருட்பா சமய அடுக்கிலும் நாவல்கள் புனைகதை அடுக்கிலும் இருக்கட்டும். பட்டியலில் ஒரு பொருட்தலைப்பும், சிறுவர் பகுதியின் வாயிலில் அத்தலைப்பின்கீழ் அமைந்த ஒரு நூற்பட்டியும் போதும்.

சிக்கல் அத்தலைப்பின் சொல்லில் உள்ளது. 'வளரிளம் பருவம்' என்பது சட்டத்தின் சொல். நலவாழ்வுத் துறையின் சொல். சத்துமாத்திரை வழங்கும் நாளில் பள்ளியில் கேட்கும் அச்சொல்லை எந்தப் பதினான்கு வயதினரும் தம்மைக் குறிக்கப் பயன்படுத்துவதில்லை. 'விடலை' என்பது இலக்கியத்தில் வீரனையும் இன்றைய பேச்சில் பொறுப்பற்றவனையும் குறிக்கிறது. பெண்ணுக்குத் தெரு அறிந்த சொல் உண்டு; 'வயசுக்கு வந்த பொண்ணு' என மஞ்சள் நீராட்டுப் பதாகையோடு அவளது பருவம் ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. ஆணுக்கு அத்தகைய சடங்கு இல்லை. 'வேலைக்குப் போற பையன்' என்பதே அவன் கடந்துவிட்டதன் அடையாளம். ஒருத்தியை உடலாலும் ஒருவனைக் கூலியாலும் அளக்கும் இச்சொற்களுள் எதுவும் தலைப்பாவதற்கு ஏற்றதன்று. ஆனால் வாசகர் அறிந்த சொற்கள் இவைதாம். எனவே தலைப்பு 'வளரிளம் பருவம்' என்றே நிற்க, 'வயசுப் பையன்', 'வயசுப் பொண்ணு', 'வேலைக்குப் போகும் சிறுவர்' ஆகிய ஒவ்வொன்றின் கீழும் 'காண்க: வளரிளம் பருவம்' என்னும் சுட்டுப்பதிவு இடம்பெற வேண்டும். அட்டைப் பட்டியல் வழங்கும் நூலகத்தில் இதற்கு மூன்று அட்டைகள் தேவை. கணினிப் பட்டியலில் மூன்று வரிகள்.