செறிவு குறைந்த கரியமிலவாயுவும் மின்சாரமும்

கரி முற்றிலும் எரிந்து முடிந்தபின் எஞ்சும் பொருளே கரியமிலவாயு. எரியும்பொழுது வெப்பமாக வெளியேறிய ஆற்றலைத் திரும்ப ஊட்டினாலன்றி, அதனை மீண்டும் எரிபொருளாக்க இயலாது. அவ்வாற்றலை மின்சாரத்தின் வாயிலாக ஊட்டும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

கரியமிலவாயு கரைந்த உப்புக் கரைசலில் இரு மின்வாய்கள் அமைக்கப்படுகின்றன. மின்னோட்டம் பாயும்பொழுது நேர்மின்வாயில் நீர் பிரிந்து பிராணவாயு உண்டாகிறது. எதிர்மின்வாயில் கரியமிலவாயு எலக்ட்ரான்களை ஏற்று வேறு பொருளாகிறது. எப்பொருள் கிடைக்கும் என்பது பெரும்பாலும் எதிர்மின்வாயின் உலோகத்தைப் பொறுத்தது. வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்ஸைடைத் தருகின்றன. வெள்ளீயம் பார்மிக் அமிலத்தையோ அதன் உப்பையோ தருகிறது. செம்பில் மீதேனும் எதிலீனும் உண்டாவதை ஜப்பானிய அறிஞர் யோஷியோ ஹோரியும் அவருடன் உழைத்தோரும் 1980-களில் வெளியிட்டனர். கார்பன் மோனாக்ஸைடு நச்சு வாயுவாயினும், ஹைட்ரஜனுடன் சேர்த்து மெதனால் செய்ய உதவும். எதிலீன், பாலிதீனுக்கு மூலப்பொருள்.

இம்முறைக்குப் பெருந்தடை செறிவுக் குறைவே. நீரில் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது. சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவது இதனாலேயே. தூய கரியமிலவாயு, 25 டிகிரி சென்டிகிரேடில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1.5 கிராம் கரையும். நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் இவ்வாயு நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 பங்கே உள்ளது. ஆதலின் அப்புகையிலிருந்து கரைவது 0.2 கிராம் அளவே. காற்றிலோ பதினாயிரத்தில் 4 பங்குக்குச் சற்று மேல்தான்.

கரியமிலவாயு போதிய அளவு எதிர்மின்வாயை அடையாவிடின், எலக்ட்ரான்கள் நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் செலவாகின்றன. புகையில் கலந்துள்ள பிராணவாயுவும் அவற்றை எளிதில் கவர்ந்துகொள்கிறது. இக்குறையை நீக்க இரு வழிகள் ஆராயப்படுகின்றன. நுண்துளைகள் கொண்ட மின்வாயின் பின்புறமாக வாயுவைச் செலுத்துவது ஒன்று. இதனால் வாயு கரைசலினூடே நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வாயுவைக் காரக் கரைசலில் உறிஞ்சி, பைகார்பனேட்டாகிய அக்கரைசலையே மின்கலத்தில் செலுத்துவது மற்றொன்று; இதனால் வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டிய வெப்பம் மிச்சமாகும்.

இனி ஆற்றல் கணக்கைக் காண்போம். ஒரு கிலோகிராம் கரியமிலவாயுவைக் கார்பன் மோனாக்ஸைடாக மாற்றக் கொள்கையளவில் குறைந்தது 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் இதனினும் மிகுதி. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பெறுகையிலோ ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கரியமிலவாயு வெளியாகிறது. எனவே நிலக்கரி மின்சாரத்தால் இம்முறையை நடத்தினால், மாற்றப்படும் வாயுவினும் புதிதாக வெளியாகும் வாயுவே மிகும். கதிரவன், காற்று, நீர்வீழ்ச்சி போன்றவற்றின் மின்சாரமே இதற்கு ஏற்றது.

இத்தகைய திட்டம் எதனைப்பற்றிக் கேள்வியுற்றாலும், ஆசிரியரும் களப்பணியாளரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். வாயுவின் செறிவு எவ்வளவு? மின்னோட்டத்தில் எத்தனை பங்கு விரும்பிய பொருளாகிறது? மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மூன்றாம் வினாவுக்கு விடை நிலக்கரி என்றால், முதலிரண்டின் விடைகள் எவ்வளவு சிறந்தவையாயினும் கணக்கு நட்டத்திலேயே முடியும்.